மின்சார ஆஃப்-ரோடு பைக் உங்கள் நிலத்துக்குப் பொருந்துமா? கணக்கிட்டு முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மின்சார ஆஃப்-ரோடு பைக் வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் வண்டியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்; அது தங்கள் காட்டுப் பாதைக்கோ மணல்வெளிக்கோ ஈடுகொடுக்குமா என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றிக்கொண்டால் ஏமாற்றங்களில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே நீங்கிவிடும். முதலில் நிலம், அடுத்து அந்த நிலம் கேட்கும் மின்சாரம், அதன்பின் சார்ஜ் ஏற்றும் இடம், பிறகு வெப்பம், நீர், குளிர் ஆகியவை, கடைசியில்தான் வண்டி.

இந்த வரிசைக்குக் காரணம் எளிது. பெட்ரோல் வண்டியில் கணக்குத் தவறினால் ஒரு கேனில் கொண்டுபோன எரிபொருளை ஊற்றி இரண்டு நிமிடத்தில் தவறைச் சரிசெய்யலாம். மின்சார வண்டியில் பாதி வழியில் அதைச் செய்ய இயலாது. எனவே கணக்கைப் புறப்படும் முன்பே முடித்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் தேவையானவை

நீங்கள் வழக்கமாக ஓட்டும் பாதையின் தூரத்தையும் ஏற்ற இறக்கத்தையும் பதிவு செய்யும் ஜிபிஎஸ் செயலி ஒன்று கைப்பேசியில் இருக்க வேண்டும். உங்கள் எடையை ஹெல்மெட், காலணி, பாதுகாப்பு உடை, முதுகுப் பை, தண்ணீர் ஆகியவற்றோடு சேர்த்து அளக்க ஒரு எடைமானி வேண்டும். உடை இல்லாத எடையை வைத்துக் கணக்கிடுவது மிகப் பரவலான முதல் தவறு, ஏனெனில் இவையெல்லாம் சேர்ந்து 10 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். சுவர்ப் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே மாட்டி எத்தனை யூனிட் ஏறியது என்று காட்டும் சிறு மின்மானி, குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் டயர் காற்றுமானி, ஒரு குறிப்பேடு ஆகியவையும் வேண்டும்.

1. முதலில் நிலத்தை எழுதுங்கள்

எந்த வண்டியில் வேண்டுமானாலும், நடந்தும்கூட, உங்கள் வழக்கமான பாதையை ஒருமுறை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். மொத்தத் தூரம், ஏறிய மொத்த உயரம், தரையின் தன்மை, பாதையில் நீங்கள் வேகம் குறைத்து மீண்டும் கூட்ட வேண்டிய இடங்கள் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏறிய மொத்த உயரம் என்பது தொடக்கப் புள்ளிக்கும் மிக உயர்ந்த புள்ளிக்கும் உள்ள வேறுபாடு அன்று. ஒரு மேட்டில் ஏறி இறங்கி அடுத்த மேட்டில் ஏறினால் இரண்டு ஏற்றங்களையும் கூட்ட வேண்டும். வரைபடத்தில் தட்டையாகத் தெரியும் ஒரு காட்டுப் பாதை, சிறு சிறு மேடுகளைக் கூட்டிப் பார்த்தால் பல நூறு மீட்டர் ஏற்றமாக இருப்பது வழக்கம்.

பாதையின் எந்தப் பகுதி திரும்பும் வழியில் வருகிறது என்பதையும் தனியாகக் குறியுங்கள். பள்ளத்தாக்கில் இறங்கித் தொடங்கும் பாதை, பேட்டரி குறைந்திருக்கும் நேரத்தில் ஏற்றத்தைக் கேட்கும். மேலே ஏறித் தொடங்கும் பாதை திரும்பும்போது சலுகை தரும். தூரம் ஒன்றாக இருந்தாலும் இவ்விரண்டும் ஒரே பாதை அல்ல.

2. பேட்டரியை யூனிட்டில் அளவிடுங்கள்

விளம்பரத்தில் கிலோமீட்டரில் சொல்லப்படும் தூரத்தை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள். அது சமதளத்தில், சீரான குறைந்த வேகத்தில், எடை குறைந்த ஓட்டுநரைக் கொண்டு பெறப்பட்டதாக இருக்கலாம். உங்கள் நிலத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். ஆயிரம் வாட்-மணி என்பது மின்கட்டணச் சீட்டில் நாம் காணும் ஒரு யூனிட். 60 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 2.4 யூனிட். சர்-ரான் லைட் பீ போன்ற இலகுவான வண்டிகள் இந்த அளவை ஒட்டியவை. ஸ்டார்க் வார்க் போன்ற முழு அளவு மோட்டோகிராஸ் வண்டிகள் 6 முதல் 7 யூனிட் வரை கொண்டவை.

இதிலும் முழுவதையும் நம்பக் கூடாது. பேட்டரி இறங்க இறங்க அதன் வோல்ட் குறைகிறது; கடைசிப் பகுதியில் ஏற்றத்தில் அழுத்திக் கேட்டால் வோல்ட் மேலும் சரிந்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். ஆகவே கணக்குக்கு 80 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2.4 யூனிட் பேட்டரி உங்களுக்கு 1.9 யூனிட் பேட்டரி.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் இதையும் கணக்கில் வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் வெப்ப ஆற்றல் உள்ளது. எஞ்சின் அதில் கால் பங்கையே சக்கரத்துக்குக் கொண்டு சேர்த்தாலும் 2 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். 8 லிட்டர் டேங்க் கொண்ட ஒரு பெட்ரோல் வண்டி சக்கரத்தில் 16 யூனிட்டுக்கு மேல் தருகிறது. நாள் முழுக்க ஓடும் பெட்ரோல் வண்டியின் வழக்கத்தை அப்படியே மின்சார வண்டியிடம் எதிர்பார்ப்பவர்கள் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

3. உங்கள் பாதை எவ்வளவு கேட்கும் என்று கணக்கிடுங்கள்

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை வேறாக இருந்தால் பின்வரும் எண்களை அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்; பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு 80 சதவீதம் வந்து சேர்வதாக இவை எடுத்துக்கொள்கின்றன.

ஏற்றம்: 1000 மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 0.7 யூனிட் செலவாகும். இது வேகத்தைப் பொறுத்ததன்று. மெதுவாக ஏறினாலும் விரைந்து ஏறினாலும் எடையைத் தூக்கும் செலவு மாறாது.

தரை: கெட்டியான மண்பாதையில் சக்கரம் உருள்வதற்கு மட்டும் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட்-மணி போதும். மென்மையான மணலில் டயர் தன் முன்னே மணலைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருப்பதால் அது 130 வாட்-மணியைத் தாண்டிவிடும். அதாவது தரை மாறியதாலேயே தூரம் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கலாம்.

வேக மாற்றம்: புதியவர்கள் அறவே கவனிக்காத செலவு இதுதான். 100 மீட்டருக்கு ஒருமுறை 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20-க்குக் குறைத்து மீண்டும் 50-க்கு ஏற்றினால், அந்த முடுக்கத்துக்கு மட்டும் கிலோமீட்டருக்கு 55 வாட்-மணிக்கு மேல் ஆகும். நல்ல மண்பாதையில் உருளும் செலவைப்போல இது இரு மடங்கு. வளைவுக்கு வளைவு கடுமையாக பிரேக் பிடித்து மீண்டும் முறுக்கும் ஒருவரும், வேகத்தைச் சீராகக் காத்து வளையும் ஒருவரும் ஒரே வண்டியில், ஒரே பாதையில், முற்றிலும் வேறுபட்ட தூரம் போவதற்கு இதுவே காரணம்.

காற்றுத் தடை: திறந்தவெளியில் வேகத்தை இரு மடங்காக்கினால் கிலோமீட்டருக்குக் காற்றுக்கு எதிராகச் செலவாகும் ஆற்றல் நான்கு மடங்காகும். காட்டுக்குள் இதைப் புறக்கணிக்கலாம். அகன்ற சமவெளிப் பாதையில் புறக்கணிக்கக் கூடாது.

இந்நான்கையும் கூட்டி, உங்கள் பாதையின் மொத்தத்தைப் பேட்டரியின் 80 சதவீதத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 20 கிலோமீட்டர் மண்பாதை, 600 மீட்டர் ஏற்றம், பாதித் தூரம் வளைவுகள் என்றால், உருள 0.55, ஏற 0.4, வேக மாற்றத்துக்கு 0.55 என்று மொத்தம் 1.5 யூனிட் ஆகிறது. 2.4 யூனிட் பேட்டரிக்கு அது இயலும். ஆனால் மழைக்குப் பின் அதே பாதை சேறானால் இயலாமல் போகலாம். இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும் ரீஜென் வசதியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். தளர்ந்த தரையில் சக்கரம் வழுக்குவதாலும் பிரேக்கையே அதிகம் பயன்படுத்துவதாலும் அது தருவது சிறிது. அது கிடைத்தால் கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும்.

4. சார்ஜ் ஏற்றும் இடத்தை உறுதி செய்யுங்கள்

230 வோல்ட், 10 ஆம்பியர் கொண்ட சாதாரணப் பிளக் 2.3 கிலோவாட்டுக்கு மேல் தராது. சார்ஜரில் 10 முதல் 15 சதவீதம் வெப்பமாகப் போவதால், 6.5 யூனிட் பேட்டரியை நிரப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி 20 சதவீதத்தில் செல்களைக் காப்பதற்காக மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படுவதால் அந்தப் பகுதி மேலும் மெதுவாக ஏறும். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே நேரம் குறைவாக இருந்தால் 80 சதவீதத்தில் நிறுத்திவிட்டுப் புறப்படுவதே நேரத்துக்கு நல்ல பலன் தரும்.

நீட்டிப்பு ஒயரை உருளையிலிருந்து முழுவதுமாக அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றிய நிலையில் பல மணி நேரம் மின்னோட்டம் போனால் உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியின்றி ஒயரின் உறை உருகும். பைக்கில் எல்லாப் பாதுகாப்பையும் கவனிக்கும் பலர் இந்த ஒயரைப் பார்ப்பதே இல்லை.

ஜெனரேட்டர் கொண்டு சார்ஜ் செய்ய நினைத்தால், அதன் தொடர் சக்தி சார்ஜர் இழுக்கும் சக்தியைவிடத் தெளிவாக அதிகமாக இருக்கட்டும். மின் அலை சீராக வரும் இன்வெர்ட்டர் வகையாகவும் இருக்கட்டும். உயர்ந்த மலைப்பகுதியில் ஜெனரேட்டரின் எஞ்சினே சக்தி இழக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 200 வாட் சூரியத் தகடு, ஐந்து மணி நேரம் முழு வெயில் கிடைத்தாலும் இழப்புகளுக்கு முன் ஒரு யூனிட்தான் தரும். முகாமில் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டுமே அது உதவும்.

விமானத்தில் போய் வேறிடத்தில் ஓட்டும் திட்டம் இருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். பயணிகளின் உடைமைகளில் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடும் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பொதுப் பயன்பாட்டு லித்தியம் பேட்டரிக்கு இடமில்லை. இந்த வண்டிகளின் பேட்டரி அதைப்போலப் பல மடங்கு பெரியது.

5. வெப்பத்தைத் தூரத்துக்கு நிகராக மதியுங்கள்

யூனிட் கணக்கு சரியாக வந்தும் பாதியில் வண்டி சோர்ந்து நிற்பதற்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். மோட்டார் தரும் முறுக்குவிசை மின்னோட்டத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஆனால் சுருள்களில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. இரு மடங்கு இழுவை கேட்டால் நான்கு மடங்கு வெப்பம். மோட்டாருக்குள் உள்ள நிரந்தரக் காந்தங்கள் மிகுந்த வெப்பத்தில் தங்கள் காந்தத் தன்மையை நிரந்தரமாக இழக்கக்கூடும் என்பதால், அதற்கு முன்பே கன்ட்ரோலர் சக்தியைக் குறைத்துவிடுகிறது. அதைக் கோளாறு என்று எண்ணி மீண்டும் மீண்டும் முறுக்குபவர்கள் வண்டி ஆறும் நேரத்தை நீட்டிக்கவே செய்கிறார்கள்.

மிகக் கடுமையான நிலை, செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாகப் போவது. அங்கே இழுவை அதிகம், குளிர்விக்கும் காற்றோட்டம் குறைவு. ஆகவே உங்கள் பாதையில் நீண்ட மெதுவான ஏற்றம் இருந்தால், வண்டியின் உச்சக் குதிரைத்திறனைக் கேட்காதீர்கள். தொடர்ந்து எவ்வளவு சக்தி தர முடியும் என்ற எண்ணைக் கேளுங்கள். உச்ச எண் சில விநாடிகளுக்கானது. திரவத்தால் குளிர்விக்கப்படும் மோட்டார் இத்தகைய இடங்களில் காற்றால் குளிர்விக்கப்படுவதைவிட நீண்ட நேரம் தாங்கும்.

இதற்கு மலிவான தீர்வு பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தில், இருக்கிறது. கூடுதல் பற்கள் கொண்ட ஸ்ப்ராக்கெட்டை மாட்டினால் அதே இழுவையை மோட்டார் குறைந்த மின்னோட்டத்தில் தரும். உச்ச வேகம் குறையும். குறுகிய மலைப்பாதையில் அந்த உச்ச வேகம் எப்படியும் பயன்படப் போவதில்லை என்பதால், பலருக்கு இதுவே முதலில் செய்ய வேண்டிய மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

புதியவர்கள் செய்யும் இன்னொரு செயலையும் இங்கே சொல்ல வேண்டும். ஏற்றத்தில் நின்றுகொண்டு, பிரேக் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை லேசாக முறுக்கி வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்துவைப்பார்கள். மோட்டார் சுழலாமல் நிற்கும்போது மின்னோட்டம் சுருள்களுக்கிடையே மாறி மாறிப் போகாமல் அதே சுருள்களின் வழியே தொடர்ந்து போய் அவற்றையும் கன்ட்ரோலரையும் விரைவாகச் சூடாக்கும். ஏற்றத்தில் நிற்க வேண்டுமானால் பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

6. மணலும் பாலைநிலமும்

மணலில் செலவு அதிகம், வெப்பமும் அதிகம். இவ்வண்டிகளுக்கு மிகக் கடினமான சூழல் இதுவே. டயர் அழுத்தத்தைக் குறைத்தால் டயர் அகன்று மணலின் மேலே மிதக்கும், செலவும் குறையும். ஆஃப்-ரோடு டயர்களில் வழக்கமான 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்திலிருந்து இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துப் பாருங்கள். ட்யூப் கொண்ட டயரில் இதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது ட்யூப் கிள்ளப்பட்டுக் காற்றிறங்கும். கெட்டித் தரைக்கு வந்ததும் காற்றை மீண்டும் ஏற்றுங்கள்.

நின்றுவிட்டால் முறுக்கிப் புதைக்காதீர்கள். மின்மோட்டார் தொடக்க வேகத்திலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால் சக்கரம் விநாடிகளில் குழி தோண்டிவிடும். சக்தியை அணைத்து இறங்கி, வண்டியைச் சாய்த்துக் குழியிலிருந்து எடுத்து, குறைந்த சக்திப் பயன்முறையில் மெதுவாகப் புறப்படுங்கள். ஆற்றல் கணக்கை மணலில் மட்டும் பாதிப் பேட்டரிக்குப் போடுவது பாதுகாப்பானது.

7. சேறும் நீரும்

காற்றை உள்ளிழுக்கும் எஞ்சின் இல்லாததால் தண்ணீர் உறிஞ்சப்பட்டு எஞ்சின் உடையும் அபாயம் இங்கே இல்லை. இதிலிருந்து எந்த ஆழத்திலும் போகலாம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள், அது தவறு. ஐபி67 என்ற தரக் குறி ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் 30 நிமிடம் தாங்குவதைச் சோதிக்கிறது. பாய்ந்து வரும் ஆற்று நீரையோ பீய்ச்சியடிக்கும் நீரையோ அந்தச் சோதனை உள்ளடக்கவில்லை. சோதனைக்கு உட்படுத்தப்பட்டது புத்தம்புதிய ரப்பர் வளையம், இரண்டு ஆண்டு சேற்றில் உழன்றதன்று.

ஓடையைக் கடக்கும் முன் சில நிமிடங்கள் நின்று மோட்டாரை ஆறவிடுங்கள். சூடான மோட்டார் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தாங்கு வளையங்களின் (பேரிங்) வழியே வெளிநீரை உள்ளே இழுக்கும். நீர் புகுந்த மோட்டார்கள் பலவற்றுக்கு ஆழம் காரணமன்று. இந்த அவசரமே காரணம்.

சார்ஜ் துளையின் மூடி முழுதாக அழுந்தியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஐம்பது, அறுபது கிலோ எடையுள்ள இலகு வண்டிகளை முழங்காலளவு ஓட்டமுள்ள நீரே பக்கவாட்டில் தள்ளிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கீழ்நீரோட்டப் பக்கம் ஒருவரை நிறுத்திவிட்டுக் கடக்க வேண்டும். வண்டி நீரில் முழுகிவிட்டால் அன்று சார்ஜில் போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி இணைப்பான்களைத் திறந்து உலர்த்திய பிறகே மறுபடியும் இணையுங்கள். கடல்நீரை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதோடு, இணைப்பான்களில் தங்கிப் பல நாள் கழித்தும் அரித்துக்கொண்டே இருக்கும்.

சேற்றில் எஞ்சின் ஓசை இல்லாதது ஒரு சிக்கல். பெட்ரோல் வண்டியில் சக்கரம் வெறுமனே சுழலும்போது ஒலி உயர்ந்து நம்மை எச்சரிக்கும்; இங்கே அந்தக் குறிப்பு மிக மெல்லியது. குறைந்த சக்திப் பயன்முறையில் தொடங்கி, பின்சக்கரத்தின் பிடியை இருக்கையிலும் காலடியிலும் உணரப் பழகிய பிறகே சக்தியைக் கூட்டுங்கள்.

8. உயர்ந்த மலைப்பகுதி

பெட்ரோல் எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 சதவீதச் சக்தியை இழக்கும். மின்மோட்டார் இழக்காது. மலைப்பகுதியில் மின்சார வண்டியின் உண்மையான அனுகூலம் இது. ஆனால் காற்று மெலிந்திருப்பதால் காற்றுக் குளிர்விப்பும் மெலியும் என்பதை ஐந்தாம் படியோடு சேர்த்துப் பாருங்கள்.

மலை உச்சியில் தங்கி, முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு காலையில் இறங்கத் தொடங்குபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரத்தைத் திருப்ப இடமில்லாததால் ரீஜென் வேலை செய்யாது. எஞ்சின் பிரேக்கிங் போல நாம் பழகியிருந்த இழுப்பு திடீரென இல்லாமல் போகும். வண்டி எதிர்பாராத வேகத்தில் உருளும், முழுச் சுமையும் பிரேக் தட்டுகளின் மேல் விழும். இறக்கத்தில் தொடங்கும் நாளுக்கு 85 அல்லது 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. குளிர்

வண்டியை ஓட்டுவதற்கும் சார்ஜ் செய்வதற்கும் குளிரில் வேறு வேறு எல்லைகள் உண்டு. பெரும்பாலான லித்தியம் அயான் செல்களை உறைநிலைக்குக் கீழும் ஓட்டலாம். கிடைக்கும் ஆற்றலும் சக்தியும் குறையும், பேட்டரி வெதும்பியதும் ஓரளவு மீளும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் எதிர்மின்முனையின் மேல் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறைவதோடு உள்ளே குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும் ஆபத்தும் உண்டாகும். இரவில் பேட்டரியை வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். குளிர்நாளில் ஓட்டி வந்ததும் பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜில் போடுங்கள். வெயில் நாளில் இதற்கு நேர்மாறு: செல்கள் 45 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் நிழலில் ஆறவிட்டுப் பிறகு போடுங்கள்.

10. காடும் குடியிருப்பின் ஓரமும்

ஒலி குறைவு என்பதால் எங்கும் ஓட்டலாம் என்று பொருளில்லை. ஆஃப்-ரோடு வண்டிகள் பலவற்றைப் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவோ அனுமதியோ இருப்பதில்லை. வனப்பாதைகளுக்குத் தனி விதிகள் உண்டு. வாங்கும் முன்பே அந்த இடத்தின் விதியை எழுத்தில் பாருங்கள், ஏனெனில் பாதைக்கு வண்டியைச் சுமந்துசெல்ல வாகனம் வேண்டுமா என்பதும் அதனால்தான் முடிவாகும்.

நடந்து வருபவருக்கும் விலங்குக்கும் நீங்கள் வருவது கேட்காது. கைப்பிடியில் ஒரு மணியைப் பொருத்துங்கள். மறைவான வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள். காட்டில் இவ்வண்டியின் அமைதி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதை நம் பாதையில் நடப்பவர்களின் அச்சமாக மாற்றிவிடக் கூடாது.

11. இப்போது வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

இதுவரை எழுதிய குறிப்பேடே தேர்வைப் பெரும்பாலும் செய்துவிடும். குறுகிய, நுட்பமான காட்டுப் பாதையில் ஒரு மணி, இரண்டு மணி ஓட்டம் என்றால் இலகு வண்டியே போதும். அதன் குறைந்த எடை ஏற்றத்திலும் விழுந்து எழுவதிலும் உங்களுக்கு உதவும். பிளக்கின் அருகிலுள்ள மூடிய தடத்தில் ஓட்டுபவருக்கு முழு அளவு வண்டி பொருந்தும். ஓட்டத்துக்கு நடுவே காத்திருக்க இயலாதவர்கள், கேடிஎம் ஃப்ரீரைட் இ போலப் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய வண்டிகளைப் பாருங்கள். இரண்டாவது பேட்டரியின் எடையையும் அதைத் தூக்கும் வசதியையும் சேர்த்து யோசியுங்கள். மின்சாரம் இல்லாத நிலத்தில் பல நாள் பயணம், நீண்ட மணல்வெளி ஆகிய இரண்டுக்கும் இன்றைய நிலையில் பெட்ரோல் வண்டியே ஏற்றது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பழுது பார்ப்பதைப் பொறுத்தவரை ஓர் எல்லையை அறிந்துகொள்ளுங்கள். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டம் உடலுக்கு ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. சில முழு அளவு வண்டிகள் 300 வோல்ட்டுக்கு மேல் இயங்குகின்றன. ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர்களைப் பயிற்சி இல்லாமல் தொடக் கூடாது.

12. முதல் ஓட்டத்தை அளக்கும் ஓட்டமாகச் செய்யுங்கள்

புது வண்டியில் முதலில் கற்க வேண்டியது அணைப்பது. எஞ்சின் ஓசை இல்லாததால் வண்டி உயிரோடு இருப்பதை மறந்து, கீழே விழுந்ததைத் தூக்கும்போது ஆக்ஸிலரேட்டரைப் பிடித்து முறுக்கிவிடுவது மிகவும் பரவலான விபத்து. மணிக்கட்டில் கட்டும் கயிற்றோடு கூடிய நிறுத்து சுவிட்சைப் பொருத்துங்கள். இறங்கினால், தள்ளினால், தூக்கினால் முதலில் சக்தியை அணையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளட்ச் இல்லை, சிலவற்றில் இடக்கை லீவர் பின்சக்கர பிரேக்காக இருக்கும். கிளட்சைப் பிடித்தால் இழுவை அறுபடும் என்ற பழைய பழக்கம் அவசரத்தில் உங்களை ஏமாற்றும் என்பதால், சமதளத்தில் கை பழகும் வரை பயிற்சி செய்யுங்கள்.

அதன்பின் வீட்டை அல்லது முகாமைச் சுற்றிய சிறு வளையப் பாதையில், உங்கள் நிலத்தை ஒத்த தரையில், பேட்டரி பாதியாகும் வரை ஓட்டுங்கள். எப்போது வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு திரும்பக்கூடிய தூரத்துக்குள் இந்த வளையம் இருக்கட்டும். திரும்பி வந்து சார்ஜ் செய்யும்போது மின்மானி காட்டும் யூனிட்டில் சார்ஜர் இழப்பைக் கழித்து, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் உங்கள் எடைக்கும் உங்கள் கைக்கும் உரிய உண்மையான செலவு கிடைக்கும். மூன்றாம் படியில் போட்ட கணக்கைவிட இந்த எண்ணையே இனி நம்புங்கள்.

13. திரும்பும் புள்ளியைப் புறப்படும் முன் குறியுங்கள்

திரையில் தெரியும் சதவீதத்தை ஏற்றத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும்போது பார்க்காதீர்கள். பல வண்டிகளில் வோல்ட் சரிவால் அது அப்போது குறைவாகக் காட்டும். நின்று, ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள்.

போன வழியே திரும்பும் பாதையில், திரும்பும் வழி இறக்கமாக இருந்தால் 50 சதவீதத்திலும், சமமாக இருந்தால் 60 சதவீதத்திலும், ஏற்றமாக இருந்தால் 70 சதவீதத்திலும் வண்டியைத் திருப்புங்கள். உங்கள் எண்கள் தெளிவான பிறகு இதைச் சரிசெய்துகொள்ளலாம். குழுவாகப் போகும்போது மிகச் சிறிய பேட்டரி கொண்டவரின் சதவீதமே எல்லோருடைய சதவீதமும் ஆகும்.

பேட்டரி தீர்ந்தே விட்டால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகலாம். மற்றொரு வண்டியால் நீண்ட தூரம் கட்டி இழுக்க வேண்டியிருந்தால் செயினைக் கழற்றிவிடுங்கள். நிரந்தரக் காந்த மோட்டார் சுழலும்போதெல்லாம் மின்சாரத்தை உண்டாக்கும், வேகமாக இழுத்தால் அது கன்ட்ரோலரைச் சேதப்படுத்தக்கூடும். ஆகவே செயினைக் கழற்றும் கருவிகளும் பையில் இருக்கட்டும்.

14. ஓட்டம் முடிந்த பின்

கழுவும்போது உயர் அழுத்த நீரை இணைப்பான்கள், தாங்கு வளையங்கள், சார்ஜ் துளை ஆகியவற்றின் மேல் பாய்ச்சாதீர்கள். வாளி நீரும் தூரிகையும் போதும். பேட்டரிப் பெட்டியின் அடிப்பக்கத்தை ஒவ்வொரு முறையும் விளக்கடித்துப் பாருங்கள். கல்லில் மோதி உள்ளே ஒடுங்கியிருந்தால், வண்டி வழக்கம்போல ஓடினாலும் அந்தப் பேட்டரியை வீட்டுக்குள் வைக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது. சேதமுற்ற செல் மணிக்கணக்கில் கழித்தும் தீப்பற்றக்கூடும். எரியும் பொருள்கள் இல்லாத திறந்தவெளியில் வைத்துவிட்டு, பேட்டரியைத் திறந்து சோதிக்கத் தெரிந்தவரை அழையுங்கள்.

சில வாரங்கள் ஓட்டப் போவதில்லை என்றால் 40 முதல் 60 சதவீதத்தில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதாக நிரப்பி வெப்பத்தில் வைத்தால் செல்கள் விரைவாக முதிரும். முழுதாக இறக்கி வைத்தால் பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று இழுக்கும் சிறு மின்னோட்டமே நாளடைவில் அதை மீட்க முடியாத அளவுக்குத் தாழ்த்திவிடும். மாதம் ஒருமுறை சதவீதத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றி வைத்துவிடுங்கள்.